தோலின் மௌனம் சம்மதமல்ல

சென்ற மாதம் என் பழைய மாணவி ஒருத்தியின் திருமண வரவேற்புக்குச் சென்றிருந்தேன். மணமகள் மேடையில் கறுப்புக் கண்ணாடி அணிந்து நின்றிருந்தாள். முந்தைய நாள் காலை அழகு நிலையம் ஒன்றில் அவளுக்குச் செயற்கை இமைமுடி ஒட்டியிருக்கிறார்கள். மறுநாள் விடியும்போது இமைகள் இரண்டும் வீங்கிக் கண்களை மூடிவிட்டன. ஒட்டுவதற்கு முன் அவள் ஐயத்தோடு கேட்டதற்கு, "எல்லாருக்கும் இதத்தான் போடுறோம்க்கா, ஒண்ணும் ஆகாது" என்று பதில் கிடைத்திருக்கிறது. அவள் என்னிடம் சொன்னது வேறு: "போன வருஷம் இதே மாதிரி போட்டப்ப ஒண்ணுமே ஆகலையே மேடம்."

இவ்விரு கூற்றுகளிலும் உள்ள பிழை ஒன்றே. அதற்கு விடை 'ஒவ்வாமை' என்ற சொல்லிலேயே இருக்கிறது. ஒவ்வுதல் என்றால் பொருந்துதல், இசைதல். ஒரு பொருளுக்கும் ஓர் உடலுக்கும் இடையிலான இசைவின்மையே ஒவ்வாமை. பொருள் நஞ்சாக இருக்க வேண்டியதில்லை. ஆகவே நூறு பேருக்கு இசைந்தது என்பது நூற்றியோராவது ஆளுக்கு உறுதிமொழி ஆகாது. சென்ற ஆண்டு இசைந்தது என்பதும் ஆகாது. இவ்வகை ஒவ்வாமையில், முதலில் தொடும்போது உடல் அப்பொருளை அடையாளம் கண்டு வைத்துக்கொள்கிறது. எதிர்ப்பு அடுத்த முறை வரலாம், பத்தாவது முறையும் வரலாம். அதுவும் உடனே தெரியாது. ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்தே அரிப்பும் வீக்கமும் தோன்றும்.

இந்தத் தாமதத்தைக் கணக்கில் கொண்டதுதான் ஒட்டுச் சோதனை. யோசெஃப் யாடசோன் என்ற ஜெர்மானியத் தோல் மருத்துவர் 1895இல் இதை அறிமுகப்படுத்தினார். ஐயத்துக்குரிய பொருளைச் சிறிதளவு தோலில் வைத்துக் காத்திருப்பது, அவ்வளவுதான். மருத்துவர்கள் இன்று 48 மணி நேரம் கழித்து ஒட்டை எடுத்துப் பார்க்கிறார்கள். ஓரிரு நாள் கழித்து மறுபடியும் பார்க்கிறார்கள்.

கண்ணருகே இந்தக் காத்திருப்பைத் தவிர்த்ததன் விலை என்ன என்பதற்கு வரலாற்றில் சான்று உண்டு. 1933இல் அமெரிக்காவில் 'லாஷ் லூர்' என்ற இமைச்சாயம் விற்கப்பட்டது. அதிலிருந்தது பாரா-பினைலின்டையமின் என்னும் நிலக்கரித்தார் வழிச் சாயப்பொருள். ஒஹையோ மாநிலத்தில் ஒரு பெண்மணி விருந்து ஒன்றுக்குச் செல்லும் முன் அழகு நிலையத்தில் அதைப் பூசிக்கொண்டு, பார்வையை இழந்தார். வேறு பலரும் பாதிக்கப்பட்டனர். ஒருவர் இறந்தும் போனார். அன்று நடப்பிலிருந்த 1906ஆம் ஆண்டுச் சட்டம் உணவையும் மருந்தையும் மட்டுமே பேசியது. அழகுப்பொருளைத் தடுக்க அரசுக்கு அதிகாரம் இல்லை. அதிகாரிகளால் முடிந்ததெல்லாம் அப்பெண்மணியின் முன்னும் பின்னுமான படங்களைக் கண்காட்சியில் வைப்பதுதான். 1937இல் நச்சுக் கரைப்பான் கலந்த ஒரு மருந்து நூறு பேருக்கு மேல் பலிவாங்கிய பிறகே, 1938இல் புதிய சட்டம் வந்தது.

அச்சட்டத்திலும் தலைச்சாயத்துக்கு விலக்கு தரப்பட்டது, இரு நிபந்தனைகளோடு. முதலில் சோதித்துப் பார்க்கச் சொல்லும் எச்சரிக்கை உறையில் இருக்க வேண்டும். இமைக்கும் புருவத்துக்கும் பூசினால் குருடாகலாம் என்பதும் இருக்க வேண்டும். நம் நாட்டு விதிகளும் இதே எச்சரிக்கையை ஏறக்குறைய அப்படியே கேட்கின்றன. ஆங்கிலத்திலும் உள்ளூர் மொழிகளிலும் அச்சிடச் சொல்கின்றன. காதின் பின்புறமோ முன்கையின் உட்புறமோ தடவி, 24 மணி நேரம் காத்திருந்து பார்க்க வேண்டும்; ஒவ்வொரு முறையும் இதைச் செய்ய வேண்டும். நம் தெருமுனைக் கடையில் தொங்கும் சாயப் பொட்டலத்தின் பின்னால் எறும்பு ஊர்வதுபோல் அச்சிட்டிருப்பது இதைத்தான். பார்வையிழந்த ஒரு பெண்ணின் கதை அந்த வாசகத்தின் பின்னால் இருக்கிறது என்று தெரிந்தால், கண்ணை இடுக்கிக்கொண்டாவது அதைப் படிப்போம்.

இமைமுடி ஒட்டும் பசை சாயமல்ல. பெரும்பாலும் சயனோஅக்ரிலேட் வகை. உடைந்த பொம்மையை நொடியில் ஒட்டும் பசையும் அதே குடும்பம்தான். சாயத்துக்கு எழுதிய எச்சரிக்கை அதற்குப் பொருந்தாது. எனவே இங்கே கேட்க வேண்டியவர் வாடிக்கையாளர், சொல்ல வேண்டியவர் அழகு நிலையத்தார்.

சோதனை முழுக் காப்பு அன்று என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பசையின் ஆவி கண்ணை நேரடியாக உறுத்தக்கூடும். காதோரத் தோல் அதைச் சொல்லாது. சோதனையே சிலருக்கு ஒவ்வாமையைத் தூண்டிவிடுமோ என்ற அச்சமும் மருத்துவர்களிடையே உண்டு. ஆனாலும் காதின் பின்னால் தோன்றும் ஒரு சிவந்த புள்ளியையும், உடலிலேயே மெல்லிய தோலான இமையில் வரும் வீக்கத்தையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

உண்மையான தடை அறியாமை மட்டுமன்று, அவசரமும்தான். முகூர்த்தத்துக்கு ஆறு மாதம் முன்பே மண்டபம் பிடிக்கிறோம். சேலைக்காகக் காஞ்சிபுரத்துக்கு இரண்டு முறை போகிறோம். அழகு நிலையத்துக்கு மட்டும் முந்தைய நாள் போதும் என்று நினைக்கிறோம். அவர்களும் வந்த வாடிக்கையை விட மனமின்றிச் சரி என்கிறார்கள். என் கோரிக்கை எளியது. கண்ணருகே எதைப் பூசினாலும் ஒட்டினாலும் இரண்டு நாள் முன்னதாக ஒருமுறை வரச் சொல்லுங்கள். வராதவருக்குச் செய்ய மறுத்துவிடுங்கள். மறுப்பதும் தொழில் நேர்மைதான். பெண்களும் அப்படி மறுக்கும் இடத்தையே நம்பலாம்.

அந்தப் பெண்ணுக்குப் பத்து நாளில் வீக்கம் வடிந்துவிட்டது. கண்ணுக்குக் கேடில்லை. வரவேற்புப் படங்களை மட்டும் அவள் இன்னும் வீட்டில் மாட்டவில்லை.