தண்ணீர் வரும்போது தூக்கிச் செல்வது யார்?

2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள். இலங்கையின் காலி பகுதியிலுள்ள சம்போதி இல்லத்தில் மாற்றுத்திறனாளிகள் ஏறக்குறைய நூறு பேர் தங்கியிருந்தனர். ஆழிப்பேரலை வந்தபோது சிலரால் படுக்கையை விட்டு எழ இயலவில்லை. சிலருக்கு ஓட வேண்டும் என்பதே புரியவில்லை. பாதிக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2011இல் ஜப்பானைத் தாக்கிய பேரலையிலும் மாற்றுத்திறனாளிகளின் இறப்பு விகிதம் மற்றவர்களைவிட ஏறக்குறைய இருமடங்காக இருந்தது. கடல் ஆள்பார்த்து வருவதில்லை. ஆனால் நம் திட்டங்கள் ஓடக்கூடியவர்களை மட்டுமே மனத்தில் வைத்துத் தீட்டப்படுகின்றன.

நம் நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பேரிடர் வேளையில் அவர்களுக்குச் சமமான பாதுகாப்பு வேண்டும் என்கிறது. மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அவர்களின் விவரப் பதிவேட்டைப் பேண வேண்டும், ஆபத்தை அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் அது கூறுகிறது. ஆனால் பதிவேட்டில் பெயர் இருப்பதாலேயே ஒரு குழந்தை காப்பாற்றப்படுவதில்லை.

ஒலிபெருக்கி எச்சரிக்கை காது கேளாத சிறுமிக்கு எட்டாது. ஆட்டிசம் உள்ள சிறுவனால் நெரிசலையும் இரைச்சலையும் தாங்க முடியாமல் போகலாம். பிறர் முகம் சுளித்தால், அவன் பெற்றோர் முகாமைவிட்டு வெள்ளம் சூழ்ந்த வீட்டுக்கே திரும்பிவிடுவர். சக்கர நாற்காலி நுழையாத கழிப்பறையும், மறந்துபோன வலிப்பு மாத்திரையும்கூட உயிருக்கு உலை வைக்கும். பள்ளியில் ஒத்திகை நடக்கும்போது, நடக்க இயலாத குழந்தையை ஓரமாக உட்கார வைப்பது இரக்கம் போலத் தோன்றலாம். ஆனால் ஒத்திகையில் இடம்பெறாத குழந்தையை ஆபத்து நாளில் யார் நினைவில் வைத்திருப்பார்?

இங்கே பங்குச் சமூகத்தால் செய்யக்கூடியவை பல உண்டு. எந்தத் தெருவில் எந்தக் குழந்தை இருக்கிறது என்பது அதிகாரிகளைவிட அன்பியக் குடும்பங்களுக்கு நன்கு தெரியும். பெற்றோரின் ஒப்புதலோடு, ஒவ்வொரு குழந்தைக்கும் அண்டைவீட்டார் இருவரைப் பொறுப்பாக்கலாம். ஒருவர் கடலுக்கோ வேலைக்கோ போயிருந்தால் மற்றவர் இருப்பார். மழைக்காலத்துக்கு முன்பே அக்குழந்தையையும் சேர்த்து ஒருமுறை ஒத்திகை பார்க்கலாம். எதற்குப் பயப்படுகிறாய், எப்படித் தூக்கினால் வலிக்காது என்று அக்குழந்தையிடமே கேட்கலாம். முகாமாகப் பயன்படும் நம் பள்ளிகளிலும் சமூகக் கூடங்களிலும் சாய்தளம் இருக்கிறதா என்று பங்குப் பேரவை பார்க்கலாம்.

யோவான் நற்செய்தியில், முப்பத்தெட்டு ஆண்டுகளாக உடல்நலமற்றிருந்த மனிதர் குளத்தருகே கிடக்கிறார். தண்ணீர் கலங்கும்போது தம்மை இறக்கிவிட ஆள் இல்லை என்பதே அவர் இயேசுவிடம் சொன்ன குறை. நம் ஊரில் தண்ணீர் பெருகி வரும் நாளிலும் எந்தக் குழந்தையும் அப்படிச் சொல்லக்கூடாது. அடுத்த அன்பியக் கூட்டத்திலேயே ஒரு கேள்வியை எழுப்புவோம்: நம் தெருவில் உள்ள அந்தக் குழந்தையைத் தூக்கிச் செல்லப்போவது யார்?