‘கொஞ்ச நாள் எங்க வீட்ல இருக்கட்டும்’

சாதி மறுப்பு மணம் செய்தவர்கள் வெட்டிக் கொல்லப்பட்டால் தெருவில் இறங்குகிறோம். இறங்கத்தான் வேண்டும். அதே இணையர் சில ஆண்டுகள் வாழ்ந்து பிரிந்த பிறகு குழந்தை யாரிடம் வளர்கிறது என்பதில் மட்டும் நம் இயக்கங்கள் வாய் திறப்பதில்லை. ‘அது குடும்ப விவகாரம், தோழர்.’ சாதி வேறு எங்கே இருக்கிறதாம்?

ஓர் இணையர் பிரிந்து, குழந்தையை ஆளுக்குப் பாதி வாரம் பார்த்துக்கொள்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தாய் இடைநிலைச் சாதி, தந்தை தலித். தாய்க்கு ஒரு பெரிய அறுவை சிகிச்சை. மூன்று மாதம் படுக்கை. அவருடைய நாட்களையும் தந்தை பார்த்துக்கொண்டு, அவர் எழுந்ததும் பழைய ஏற்பாடு தொடர்வதுதான் முறை. நடப்பது வேறு. அதுவரை பேரப்பிள்ளையின் முகத்தையே பார்க்காத தாத்தா பாட்டி வந்து இறங்குவார்கள். கொஞ்ச நாள் எங்க வீட்ல இருக்கட்டும் என்பார்கள். மூன்று மாதம் ஒரு வருடமாகும். பள்ளிக்கூடம் மாறும். பார்க்கப் போகும் தந்தையை வாசலோடு பேசி அனுப்புவார்கள். கடைசியில் ‘பிள்ளை இங்கேயே பழகிடுச்சு’ என்பதே நீதிமன்றத்தில் வாதமாக நிற்கும். படுக்கையில் கிடக்கும் அந்தப் பெண்ணை யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள்.

2019-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு மகாராஷ்டிர வழக்கைப் பாருங்கள். மனைவிக்குப் புற்றுநோய், கணவரும் காசநோய் முற்றி மருத்துவமனையில். கைக்குழந்தையை மனைவியின் உடன்பிறந்தவர்கள் வளர்த்தார்கள். மனைவி இறந்தார். குணமாகி வந்த தந்தை கேட்டபோது தர மறுத்தார்கள். தந்தையிடம்தான் ஒப்படைக்க வேண்டும் என்ற மும்பை உயர் நீதிமன்றத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அன்போடு வளர்த்த உறவினர்களிடமிருந்து மீட்பதற்கே இவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கிறது. எதிரில் சாதிச் சங்கமும் ஊரும் நின்றால்?

1956-ஆம் ஆண்டு இந்து இளவர் காப்பாளர் சட்டம், இயற்கைக் காப்பாளர் தந்தை, ‘அவருக்குப் பின்’ தாய் என்கிறது. ‘பின்’ என்றால் தந்தை செத்த பின்தான் என்று பொருளல்ல. அவர் தற்காலிகமாக இல்லாவிட்டாலும், நோயால் இயலாவிட்டாலும் தாயே காப்பாளர் என்று எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில் 1999-இல் தீர்ப்பு வந்தது. ஒருவருக்கு முடியாதபோது பொறுப்பு மற்ற பெற்றோருக்குத்தான் போகிறது, குலத்துக்கு அல்ல. தாய்க்கு முடியாமல் போனாலும் இதே நியாயம்தான் பொருந்த வேண்டும். கூட்டுப் பொறுப்பைச் சட்டத்தில் சேர்க்கச் சொல்லி சட்ட ஆணையம் 2015-இல் தந்த 257-வது அறிக்கை அப்படியே கிடக்கிறது.

இன்னொன்றும் உண்டு. கலப்பு மணத்தில் பிறந்த பிள்ளைக்குத் தந்தையின் சாதிதான் என்று முடிவாகச் சொல்லிவிட முடியாது, எந்தச் சூழலில் வளர்ந்தது என்பதையும் பார்க்க வேண்டும் என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பட்டியல் சாதித் தாய் வளர்த்த பிள்ளைகளுக்கு அது பாதுகாப்பு. அந்தத் தாய் நோயில் விழுந்து, பிள்ளை தந்தையின் ஆதிக்க சாதி வீட்டில் ‘கொஞ்ச நாள்’ என்று பத்து வருடம் வளர்ந்தால்? நாளைக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டு நிற்கும்போது அதுவே எதிராகத் திரும்பும்.

கூட்டுப் பொறுப்பு என்ற பெயரில் அடித்துத் துன்புறுத்தியவனே மறுபடி வீட்டுக்குள் நுழைவான் என்று பெண்ணியத் தோழர்கள் அஞ்சுகிறார்கள். நியாயமான அச்சம். வன்முறை செய்தவனுக்கு இந்த உரிமை கிடையாது, அவன் எந்தச் சாதியாக இருந்தாலும். ஆனால் ‘அந்தக் காலனியில் பிள்ளை எப்படி வளரும்’ என்பது பாதுகாப்பு பற்றிய கேள்வி இல்லை. அது நமக்குத் தெரிந்த பழைய கேள்வி.

ஆகவே பிரியும்போதே எழுதி வையுங்கள்: ஒருவருக்கு முடியாமல் போனால் பிள்ளை மற்றவரிடம், எந்தத் தேதியிலிருந்து, எத்தனை மாதம், பள்ளியிலிருந்து யார் அழைத்து வருவது, முடியாதவர் தினமும் பிள்ளையோடு எப்போது பேசுவது, பழைய ஏற்பாடு எப்போது திரும்புவது. நீதிமன்ற உத்தரவு இருந்தால் இதையும் அதில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். பிள்ளை யாரிடம் என்ற உத்தரவு என்றைக்குமான கடைசி உத்தரவு அல்ல, சூழல் மாறினால் மாற்றலாம். சுயமரியாதைத் திருமணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட ஓடி வரும் தோழர்கள் இந்தத் தாளிலும் போடலாம்.