அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்



கோப்பாயில் ஒரு வீட்டு விறாந்தையில் இருந்து கதைத்துக்கொண்டிருந்தபோது, ஓர் அம்மா தன் காலைக் காட்டினார். கணுக்காலுக்கு மேலே குரக்கன் தூவியது போலச் சிவப்புப் புள்ளிகள். விரலால் அழுத்தினாலும் நிறம் மாறவில்லை. விரல் மூட்டுகளில் உளைவு, பாதங்களில் விறைப்பு, எந்நேரமும் களைப்பு. "வாதம் எண்டு சொல்லிப்போட்டினம் பிள்ளை. ரத்தத்திலையும் வாதம் காட்டுதாம்" என்றார்.

கிளினிக்கில் வைத்தியர் இன்னொன்றும் கேட்டாராம். முன்பு எப்போதாவது குருதி ஏற்றியதா என்று. இவர் இல்லை என்று சொல்லிவிட்டார். ஆனால் 1987இல் செல்லடியில் காயப்பட்டு, குருதி ஏற்றி உயிர் தப்பியவர் இவர். அன்றுதான் தன் மூத்த பிள்ளையையும் இழந்தவர். "ஓம் எண்டால் ஏன், எப்ப எண்டு கேப்பினம். பிறகு அந்த நாளைக் கதைக்க வேணும்" என்றார்.

அவருடைய சம்மதத்துடன்தான் இதை எழுதுகிறேன். நான் வைத்தியர் அல்ல, சமூகவியல் படித்தவள். ஆனால் அந்தக் கேள்வி ஏன் கேட்கப்படுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால், எங்களில் பலருக்குப் பதில் சொல்லும் துணிவு வரும்.

ஹெபடைற்றிஸ் சி என்பது ஈரலைத் தாக்கும் ஒரு வைரஸ். அது குருதி வழியாகப் பரவுகிறது. இந்த வைரஸ் 1989இல்தான் இனங்காணப்பட்டது. அந்த ஆராய்ச்சிகளுக்காக ஹார்வி ஆல்ற்றர், மைக்கேல் ஹூற்றன், சாள்ஸ் றைஸ் ஆகிய மூவருக்கும் 2020இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆகவே 1987இல் உலகின் எந்த நாட்டிலும், ஏற்றப்படும் குருதியில் இந்த வைரஸ் உண்டா என்று பார்க்க வழி இருக்கவில்லை. அன்று குருதி தந்தவர்களிலோ ஏற்றியவர்களிலோ பிழை இல்லை. அந்தக் குருதிதான் எங்களில் பலரைக் காப்பாற்றியது.

பயப்படவும் வேண்டாம். இலங்கையில் இந்த நோய் உள்ளவர்கள் மிகக் குறைவு, 1 வீதத்திற்கும் உட்பட்டவர்களே. இன்று எமது குருதி வங்கிகளில் தானமாகப் பெறும் குருதி முழுவதும் இந்த வைரஸுக்காகப் பரிசோதிக்கப்படுகிறது. உலக அளவில் ஏறத்தாழ 5 கோடிப் பேர் இந்நோயுடன் வாழ்கிறார்கள். அவர்களில் பலருக்கு அது இருப்பதே தெரியாது. ஏனெனில் பல ஆண்டுகளுக்கு எந்த அறிகுறியும் இல்லாமல் இருக்கலாம்.

ஈரல் நோய்க்கும் மூட்டு உளைவுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். வைரஸ் உடலில் நெடுங்காலம் தங்கும்போது, அதை எதிர்க்கும் எங்கள் உடம்பின் காவற்படை ஓயாமல் வேலை செய்கிறது. அது உற்பத்தி செய்யும் பிறபொருளெதிரி எனப்படும் புரதங்கள் சிலருக்கு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. இவற்றில் ஒருவகைக்குக் கிறையோகுளோபியூலின் என்று பெயர். மார்கழிக் குளிரில் போத்தலில் தேங்காய் எண்ணெய் உறைவது போல, இந்தப் புரதம் குளிரில் உறையும், சூட்டில் கரையும். இது சிறிய குருதிக் குழாய்களில் படிந்து அவற்றைப் புண்ணாக்கும்போது காலில் புள்ளிகள், மூட்டு உளைவு, விறைப்பு என்பன வருகின்றன. சிலருக்குச் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம்.

இதைக் குருதியில் காட்டித்தரும் அடையாளங்கள் சில உண்டு.

முதலாவது, வாதக் காரணி. மூட்டுவாதம் உள்ளவர்களுக்கு மட்டுமன்றி ஹெபடைற்றிஸ் சி உள்ள பலருக்கும் இது குருதியில் காணப்படும். எனவே "ரத்தத்தில் வாதம்" என்பது முடிவான சொல் அல்ல. சிசிபி எதிர்ப் பரிசோதனை என்ற இன்னொன்று, உண்மையான மூட்டுவாதத்தைப் பிரித்தறிய உதவும்.

இரண்டாவது, சி4 என்னும் புரதம். இந்தச் சிக்கலில் அது வழமையை விடக் குறைந்திருக்கும்.

மூன்றாவது, கிறையோகுளோபியூலின் பரிசோதனை. எடுத்த குருதியை ஆய்வுகூடம் சேரும்வரை உடல் வெப்பமான 37 பாகையில் வைத்திருக்க வேண்டும். வழியில் குளிர்ந்தால் புரதம் அங்கேயே உறைந்து, "இல்லை" என்று பிழையான முடிவு வரலாம். இது எல்லா இடங்களிலும் செய்யும் பரிசோதனையும் அல்ல. ஒருமுறை இல்லை என்று வந்த பின்னரும் வைத்தியர் மீண்டும் கேட்டால் சலித்துக்கொள்ளாதீர்கள்.

இவற்றோடு ஒரு சாதாரண சிறுநீர்ப் பரிசோதனை, புரதமோ குருதியோ போகிறதா என்று காட்டும். வைரஸைக் கண்டுபிடிக்க இரண்டு படிகள் உண்டு. முதலில் பிறபொருளெதிரி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அது இருந்தால் மட்டும், வைரஸ் இன்னும் உடலில் உள்ளதா என்று இரண்டாவது பரிசோதனை செய்வார்கள். ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு வைரஸ் தானாகவே நீங்கியிருக்கும்.

இருப்பதாக வந்தாலும் இன்று மருந்து உண்டு. முன்னர் ஊசிகளும் கடும் பக்கவிளைவுகளும் இருந்தன. இப்போது 8 அல்லது 12 வாரங்கள் குளிசை எடுத்தால் 95 வீதத்திற்கும் மேற்பட்டோர் குணமடைகிறார்கள். வைரஸ் நீங்கியதும் பெரும்பாலானோருக்குப் புள்ளிகளும் உளைவும் தணிகின்றன. சிலருக்குப் புரதம் குருதியில் தொடர்ந்து இருக்கலாம் என்பதால் கிளினிக்கை விடக்கூடாது.

வீட்டில் உள்ளவர்களுக்கும் ஒரு சொல். ஒரே கோப்பையில் சாப்பிடுவதாலோ, கட்டி அணைப்பதாலோ, பேரப்பிள்ளையைத் தூக்குவதாலோ இது தொற்றாது. சவர அலகு, பற்தூரிகை, ஊசி போன்றவற்றைப் பகிராமல் இருந்தால் போதும். நோயாளிக்குத் தனிப் பாத்திரம் வைப்பது அவரைப் புண்படுத்துவதைத் தவிர வேறெதையும் செய்யாது.

செல்லடியிலோ பிள்ளைப்பேற்றிலோ சத்திரசிகிச்சையிலோ முன்னர் குருதி ஏற்றப்பட்டவர்கள், அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் அதைச் சொல்லுங்கள். தேவை என்று வைத்தியர் கருதினால் யாழ். போதனா வைத்தியசாலைக்குக் கடிதம் தருவார்.

அந்த அம்மாவுக்கு நான் சொன்னது இதுதான். "அம்மா, அந்த நாளைக் கதைக்க வேண்டாம். '1987இல் ரத்தம் ஏத்தினது' எண்டு மட்டும் சொல்லுங்கோ. அதுக்கு மேல ஒருத்தரும் கேட்டாலும், கதைக்க விருப்பமில்லை எண்டு சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு." அடுத்த கிளினிக்குக்கு இருவரும் ஒன்றாகவே போனோம். அந்த ஒரு வசனத்தை அவர் சொன்னார். வைத்தியர் எழுதிக்கொண்டார், வேறொன்றும் கேட்கவில்லை.

பரிசோதனை முடிவு என்ன என்று நீங்கள் கேட்கலாம். அது அவருக்கும் வைத்தியருக்கும் மட்டும் உரியது. உங்கள் முடிவும் அப்படித்தான் பாதுகாக்கப்பட வேண்டும். தனியே போகத் தயங்கினால், நம்பிக்கையான ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.