சகடை பறந்த காலத்தில் நாங்களும் இஞ்சதான் இருந்தம்



போன கிழமை பதினோராம் ஆண்டுக்கு இரண்டாம் உலகப் போர் படிப்பித்தேன். 1942 ஏப்ரல் 5 கொழும்பிலும் 9ஆம் திகதி திருகோணமலையிலும் ஜப்பான் குண்டு போட்டதைச் சொல்லி, எங்கட பலாலி ஓடுபாதையும் அந்தப் போரில் பிரித்தானிய விமானப்படை போட்டதுதான் என்றேன். பலாலி என்றதும் வேலணைப் பிள்ளை ஒன்று எழும்பினாள். "சேர், எங்கட அம்மம்மா சத்தத்தை வைச்சே சொல்லுவா, வாறது பொம்மரோ சகடையோ எண்டு." பிறகு வகுப்பு முழுக்க அதே கதைதான். கடைசியில் ஒரு பெடியன் கேட்டான்: "சேர், உங்கட ஆக்கள் அப்ப இஞ்ச இல்லைத்தானே?"

அவனில் பிழையில்லை. ஒருவரும் அவனுக்குச் சொல்லவில்லை.

1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கியது. கோட்டையைச் சுற்றி நாளும் பொழுதும் குண்டு. சோனகதெருவும் பங்கருக்குள்தான் கிடந்தது. முதலில் ஹெலி வந்து சுற்றிப் பார்த்துவிட்டுப் போகும், பிறகு பொம்மர் வந்து குத்தும் என்பா உம்மா. சகடை அப்படியில்லை. உயரத்தில் மெதுவாக வந்து பீப்பாய்க் குண்டை உருட்டிவிடும். எங்கே விழும் என்று போடுகிறவனுக்கே தெரியாது. எங்கட வீட்டுக்கும் பக்கத்துத் தமிழ் வீட்டுக்கும் ஒரே பங்கர். அந்த வீட்டு அம்மா தேவாரம் சொல்ல, உம்மா ஆயத்துல் குர்ஸி ஓதுவாவாம். ஓகஸ்ட்டில் ஆமி தீவகத்தில் இறங்கியபோது, அங்கிருந்து ஓடிவந்த சனத்துக்கு எங்கட ஒழுங்கையிலும் சோறு சமைத்தார்கள்.

ஒக்டோபர் 30 இயக்கம் எங்களை வெளியேறச் சொன்னது. சில மணித்தியாலம்தான் தந்தார்கள்.

நவாலித் தேவாலயத்திலும் நாகர்கோவில் பாடசாலையிலும் 1995இல் குண்டு விழுந்தபோது நாங்கள் புத்தளத்தில், ஓலைக் கொட்டிலில். நாகர்கோவிலில் செத்தது என் வகுப்பில் இருக்கிற வயதுப் பிள்ளைகள்.

தமிழ்ச் சகோதரர்களின் குண்டுவீச்சுக் கதையில் நாங்கள் இல்லை. சரி, எங்கட கதையில் குண்டுவீச்சு இருக்கிறதா? ஒவ்வொரு வருடமும் ஒக்டோபர் 30இல்தான் தொடங்குகிறோம். அதற்கு முந்திய நாலு மாதத்தை நாங்களே வெட்டிவிட்டோம். இதைப் பற்றி ஒரு பெரியவரிடம் கேட்டேன். "அதையெல்லாம் சொன்னா வெளியேற்றத்தின்ர கனதி குறைஞ்சிடும் தம்பி" என்றார். அவர் பட்டவர், மரியாதையுண்டு. ஆனால் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒரே பங்கருக்குள் இருந்த சனத்தைத்தானே பிரித்து அனுப்பினார்கள்? அதைச் சொல்லாமல் எந்தக் கனதி?

அந்த நாளில் வளர்ந்த ஆளாக இருந்தவர்களுக்கு இப்போது அறுபது, எழுபது வயது. மௌத்துச் செய்தி வராத மாதமில்லை. ஆகவே ஒரு வேலை செய்வோம். சோனகதெருவில் எந்தெந்த வளவில் பங்கர் இருந்தது, யார் யார் அதற்குள் இருந்தார்கள் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி அனுப்புங்கள். புத்தளத்தில் இருக்கிறவர்களும்தான். பக்கத்து வீட்டுத் தமிழ் ஆக்களின் பேர் ஞாபகமிருந்தால் அதையும் எழுதுங்கள். படம் கீறத் தெரிந்த பிள்ளைகள் வகுப்பில் இருக்கிறார்கள், வரைபடமாகப் போடுவோம்.

எங்கட பங்கர் கிணற்றுக்கும் வேப்பமரத்துக்கும் நடுவில் இருந்ததாம். கிணறு இன்னும் இருக்கிறது.