நாகேஷ் நடித்ததில் எது உச்சம்?

நாகேஷ் நடித்ததிலேயே சிறந்தது எது? வானொலியில் இதைக் கேட்டுவிட்டு வாரம் முழுக்க வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

கிள்ளானிலிருந்து அழைத்த ஒரு பெரியவர், "இதுல என்ன தம்பி கேள்வி? 'சர்வர் சுந்தரம்'தான். மத்ததெல்லாம் காமெடி" என்று முடித்துவிட்டார்.

அந்த "மத்ததெல்லாம்" என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

1964இல் வந்த 'சர்வர் சுந்தரம்' நல்ல படம்தான். பேரும் புகழும் வந்தும் காதல் கைகூடாத அந்த ஓட்டல் சர்வருக்காக என் அம்மா இன்றும் கண்ணைத் துடைத்துக்கொள்வார். ஆனால் அழ வைத்தால்தான் நடிப்பா? அதே ஆண்டு 'காதலிக்க நேரமில்லை'யில் பாலையாவுக்குத் திகில் கதை சொன்ன செல்லப்பாவை எந்தக் கணக்கில் சேர்ப்பது? வாயாலேயே சத்தம் எழுப்பி, கண்ணை உருட்டி, ஒரு முழுப் படத்தையே நம் முன்னால் ஓட்டிவிடுகிறார். குரலை வைத்துப் பிழைக்கும் எனக்கு அது பாடப்புத்தகம். (பாதிப் பெருமை பாலையாவுக்கு. அவர் மிரளாவிட்டால் அந்தக் காட்சியே இல்லை.)

இளையவர்களின் ஓட்டு 'திருவிளையாடல்' தருமிக்கு. வாட்ஸ்அப் ஸ்டிக்கர் செய்த வேலை என்று கிண்டலடிக்கலாம். ஆனாலும் எதிரே சிவாஜி நிற்கும்போது நம் கண் தருமியிடமே நிற்கிறதே, அது லேசுப்பட்ட காரியமா?

என் ஓட்டு, 1968இல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்' வைத்திக்கு. குழைந்து குழைந்து பேசியே ஒரு பெண்ணைப் பணக்காரர்களுக்கு விலைபேசும் ஆள். நாகேஷ் அவனை நல்லவனாக்கவும் இல்லை, வில்லன் மாதிரி உறுமவும் இல்லை. நாமும் சிரித்துத் தொலைக்கிறோம். படம் முடிந்த பிறகுதான் கூசுகிறது.

நாகேஷுக்குத் தேசிய விருது வந்தது எதற்குத் தெரியுமா? 1994இல் 'நம்மவர்' படத்தில் மகளைப் பறிகொடுத்த பேராசிரியராக நடித்ததற்கு. கிள்ளான் பெரியவரின் கட்சிக்கு டில்லியிலும் ஆள் இருக்கிறது போல!

அருமையான நடிப்புதான், மறுக்கவில்லை. ஆனால் அதே ஆண்டு 'மகளிர் மட்டும்' படத்தில் அவர் பிணமாக வந்தார். வசனம் கிடையாது, இமைகூட அசையவில்லை. தூக்கினால் சாய்ந்தார், உட்கார வைத்தால் உட்கார்ந்தார். எங்கள் வீட்டில் பாட்டியிலிருந்து தங்கை மகன் வரை ஒன்றாகச் சிரிப்பது அந்தக் காட்சிக்குத்தான்.