நெய்வேலி வட்டாரத்துக்கு ஓர் இருதய ஆராய்ச்சி

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எத்தனை ஆழத்தில் கிடக்கிறது, அந்தப் படிவத்தின் கனம் எவ்வளவு, அதற்கு அடியிலிருந்து மேல்நோக்கி உந்துகிற ஊற்று நீரின் அழுத்தம் எவ்வளவு என்பவற்றையெல்லாம், 1956-ல் என்.எல்.சி. என்னும் நிலக்கரி ஸ்தாபனம் ஏற்பட்ட காலம் முதல், பொறியியல் வல்லுநர்கள் அளந்து குறித்து வருகிறார்கள். அவ்வாறு அளந்து, இரவு பகலாக நீரை இறைத்து, அந்த அழுத்தத்தைத் தணித்துக்கொண்டே இருப்பதனால்தான் சுரங்கத்தில் வேலை நடக்கிறது. அந்தப் பூமியின் மேல் வாழ்கிற மனிதர்களின் இரத்த அழுத்தமும் அதே சிரத்தையோடு ஆண்டுக்காண்டு அளக்கப்பட வேண்டும் என்பதும், நெய்வேலி நகரியத்தையும் காடாம்புலியூர் முதலிய சுற்றுக் கிராமங்களையும் ஒருசேர உள்ளடக்கிய நெடுங்கால இருதய நோய் ஆராய்ச்சி ஒன்றை என்.எல்.சி. ஸ்தாபனமும் மாநில சர்க்காரும் கூடித் தொடங்க வேண்டும் என்பதும் நம்முடைய திடமான அபிப்பிராயம்.

இந்த வட்டாரத்தைக் குறிப்பிட்டுச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முந்திரியும் பலாவும் செழித்த காடாம்புலியூர்ப் பக்கத்துச் செம்மண் பூமியில், ஒரே தெருவில், நகரியத்தில் நிரந்தர உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர் ஒருவரும், ஷிப்டு மாற்றி ஷிப்டு போய்வருகிற ஒப்பந்தத் தொழிலாளி ஒருவரும், வறுத்த முந்திரிக்கொட்டையை உடைத்துக் கூலி வாங்குகிற பெண்மணி ஒருவரும் அண்டை அயலாக வாழ்வதைக் காணலாம். மூவரும் தாங்குகிற வெயில் ஒன்றே. சுவாசிக்கிற காற்றும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் வருமானமும், உடலுழைப்பும், உறங்குகிற நேரமும், நோய் வந்தால் போய்ச் சேரக்கூடிய ஆஸ்பத்திரியும் வெவ்வேறு. இருதய நோய்க்குச் சூழ்நிலை எவ்வளவு காரணம், வறுமை எவ்வளவு காரணம், வேலை எவ்வளவு காரணம் என்று பிரித்தறிய விரும்புகிற விஞ்ஞானிக்கு இத்தகைய வாய்ப்பு எல்லா ஊரிலும் கிடைத்துவிடாது.

நோய் வருகிற விதத்தையும் சற்றுக் கிட்டத்தில் நின்று பார்க்க வேண்டும். நள்ளிரவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்கிற ஐம்பது வயதுக்காரருக்கு இங்கே முதலில் கிடைக்கிற வைத்தியம், “வாயுவாத்தான் இருக்கும் மாமா, ஒரு சோடாவக் குடிச்சிட்டுப் படுங்க” என்பது. சோடாவுக்கு அடங்காவிட்டால் பெருங்காயம், அதற்கும் அடங்காவிட்டால் விடிந்ததும் மெடிக்கலில் கேட்டு வாங்குகிற ஒரு மாத்திரை, பனியன் நனைய வேர்த்து, இடது கை மரத்துப்போன பிறகே பண்ருட்டிக்கு வண்டி, அங்கே ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டுக் கடலூருக்கு, அல்லது புதுச்சேரி ஜிப்மருக்கு மற்றொரு வண்டி. இருதயத் தசைக்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாயின் உட்சுவரில் பல வருஷங்களாகப் படிந்திருந்த கொழுப்புத் திட்டு வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைந்து வழியை அடைத்துவிட்ட பிறகு, கழிகிற ஒவ்வொரு நிமிஷமும் தசை மடிந்துகொண்டிருக்கிறது என்பதை அந்த வீட்டாருக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லி வைக்கவில்லை.

நாம் கேட்பது புதுமையான ஒன்றல்ல. அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 1945-ல், மிதமிஞ்சிய இரத்த அழுத்தத்தின் விளைவாக மூளையில் இரத்தம் கசிந்து மாண்டபோது, வயதானால் இரத்த அழுத்தம் ஏறுவது சகஜந்தானே என்று எண்ணியிருந்த வைத்தியர்கள் அந்நாட்டிலும் பலர். மூன்று ஆண்டுகள் கழித்து, 1948-ல், மாஸசூஸெட்ஸ் மாகாணத்துப் பிராமிங்காம் என்னும் சிறு நகரத்தில், 30 முதல் 62 வயது வரையிலான 5,209 ஆண்களையும் பெண்களையும் சேர்த்துக்கொண்டு, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதித்து, யாருக்கு எப்போது மாரடைப்பு வருகிறது என்று பொறுமையாகக் குறித்துவைக்கத் தொடங்கினார்கள். உயர்ந்த இரத்த அழுத்தமும் மிகுந்த கொலஸ்ட்ராலும் மாரடைப்புக்கு முன்னோடிகள் என்பது 1961-க்குள் அந்தக் குறிப்பேடுகளிலிருந்து ருசுவாகியது. அபாயக் காரணிகள் என்று இன்று எல்லா டாக்டர்களும் பேசுகிற பேச்சு வழக்கத்துக்கு வந்ததே அதன் பிறகுதான். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சேர்க்கப்பட்டு அந்த ஆராய்ச்சி இன்றும் நடந்துவருகிறது.

காரணங்கள்தாம் தெரிந்துவிட்டனவே, மறுபடியும் ஆராய்வானேன் என்று கேட்பவர்கள் உண்டு. கேரளத்தின் கொட்டாரக்கரையில் பிறந்து கனடாவில் பணிபுரியும் டாக்டர் சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் நடந்து 2004-ல் வெளியான இண்டர்ஹார்ட் ஆராய்ச்சி, புகையிலை, கொழுப்பு, இரத்த அழுத்தம், நீரிழிவு, தொந்தி, மனச்சுமை, காய்கனி குறைந்த உணவு, உடலுழைப்பின்மை, மது ஆகிய ஒன்பது விஷயங்களே மாரடைப்பு அபாயத்தில் ஏறத்தாழ 90 சதவீதத்துக்குப் பொறுப்பு என்று காட்டியது உண்மையே. ஆனால் அதே ஆராய்ச்சியில், தெற்காசிய மக்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில், பிறரைக் காட்டிலும் ஏறக்குறைய ஆறு வருஷம் முந்தியே வருகிறது என்பதும் வெளிப்பட்டது. அவரே முன்னின்று 17 நாடுகளில் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்து 2014-ல் வெளியிட்ட மற்றோர் ஆராய்ச்சி, அபாயக் காரணிகள் செல்வ நாடுகளில்தான் அதிகம், ஆனால் இருதய நோயால் சாகிறவர்கள் ஏழை நாடுகளில்தான் அதிகம் என்ற வினோதமான உண்மையைச் சொன்னது. ஆகவே, காரணத்தை அறிவது பாதி வேலைதான்; அறிந்த வைத்தியம் ஜனங்களுக்குப் போய்ச் சேராமல் எங்கே தடைப்பட்டு நிற்கிறது என்பதை அந்தந்த ஊரிலேயே ஆராய்ந்தாலொழிய மற்றப் பாதி விளங்காது.

நம் நாட்டில் நடந்த ஆராய்ச்சிகளே இதற்குச் சாட்சி. 50 நகரங்களில் 89 ஆஸ்பத்திரிகளில் சேர்ந்த 20,468 நோயாளிகளின் விவரங்களைத் திரட்டி, பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் டெனிஸ் சேவியரும் அவருடைய சகாக்களும் 2008-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, கடும் மாரடைப்பு கண்டவர்கள் வலி தொடங்கியதிலிருந்து ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க ஆன நேரம் ஏறக்குறைய ஆறு மணி. முப்பது நாளுக்குள் இறந்தவர்கள் செல்வர்களில் 5.5 சதவீதம், ஏழைகளில் 8.2 சதவீதம். இருவருக்கும் கிடைத்த சிகிச்சையில் இருந்த ஏற்றத்தாழ்வைக் கணக்கில் கழித்துப் பார்த்தபோது இந்த வித்தியாசம் மறைந்துவிட்டது என்பதே அந்த அறிக்கையில் நாம் மனத்தில் இருத்த வேண்டிய வாக்கியம். ஏழையின் இருதயம் பலவீனமானதல்ல. அவனுக்குக் கிடைத்த வைத்தியமே பலவீனமானது.

அந்தக் குறையைச் செயலில் நீக்கிக் காட்டியதும் தமிழ்நாடுதான். டாக்டர் தாமஸ் அலெக்சாண்டரும் டாக்டர் அஜித் முல்லசாரியும் முன்னின்று 2012 முதல் 2014 வரை நடத்திய பரிசோதனையில், சிறிய ஆஸ்பத்திரிகளைப் பெரிய இருதய மையங்களோடு பிணைத்து, ஈ.சி.ஜி.யை உடனே அனுப்பவும், இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை உள்ளூரிலேயே போட்டுப் பிறகு ஆஞ்சியோவுக்கு அனுப்பவும் ஏற்பாடு செய்தார்கள். 2,420 நோயாளிகளைக் கொண்ட அந்தப் பரிசோதனையில், ஓராண்டுக்குள் இறந்தவர்களின் விகிதம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தது. நெஞ்சுவலியோடு வருகிறவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அடோர்வாஸ்டாடின் மாத்திரைகளை உடனடியாகக் கொடுத்தனுப்பும் ‘இதயம் காப்போம்’ திட்டத்தை 2023-ல் தொடங்கியதற்காக மாநில சர்க்காரை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் அந்த மாத்திரை, கிராமத்து வீட்டில் வலி கண்ட எத்தனையாவது மணியில் நோயாளியின் வாயில் விழுகிறது என்பதை ஊர்வாரியாகக் கணக்கெடுத்தாலன்றித் திட்டத்தின் பலன் தெரியவராது.

பிழைத்து வீடு திரும்பியவரின் கதை இன்னும் கவலைக்குரியது. ஆஞ்சியோ படமும் டிஸ்சார்ஜ் சீட்டும் மஞ்சள் பையில் மடித்து உத்தரத்தில் மாட்டப்பட்டிருக்கும். மூன்று மாதம் மாத்திரை ஒழுங்காக நடக்கும். பிறகு “ஒடம்புதான் நல்லாயிடுச்சே” என்று ஒன்று நிற்கும், கடையில் தீர்ந்தது என்று மற்றொன்று நிற்கும். இதற்கும் ஆராய்ச்சி வழி காட்டியிருக்கிறது. 14 இந்திய ஆஸ்பத்திரிகளிலிருந்து வீடு திரும்பிய 806 பேரைக் கொண்டு நடந்து 2016-ல் வெளியான பரிசோதனையில், பயிற்சி பெற்ற சமூக சுகாதாரப் பணியாளர்கள் எடுத்துச் சொல்லித் தொடர்ந்து கவனித்தவர்கள் மற்றவர்களைவிட ஒழுங்காக மருந்து உட்கொண்டார்கள். 24 மையங்களில் 3,959 பேரைக் கொண்டு நடந்து 2020-ல் வெளியான யோகப் பயிற்சி ஆராய்ச்சியோ, மறு மாரடைப்பும் மரணமும் கணிசமாகக் குறைந்ததாக ருசுவாகவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்லி, நோயாளிகள் பழைய வேலைகளுக்குத் திரும்புவதும் தங்கள் தேகநிலையைப் பற்றிய நம்பிக்கையும் மேம்பட்டன என்று அறிவித்தது. விரும்பியது கிடைக்காதபோதும் கிடைத்ததை உள்ளபடி சொல்கிற இந்த நேர்மைதான் ஆராய்ச்சிக்கும் விளம்பரத்துக்கும் உள்ள பேதம். 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் ஊழியர்கள் ஏற்கெனவே வீட்டு வாசலுக்கு வந்து பிரஷர் மாத்திரையும் சுகர் மாத்திரையும் கொடுக்கிறார்கள். அவர்கள் கையில் ஒரு குறிப்பேட்டைக் கொடுப்பது மலையைப் புரட்டுகிற காரியமல்ல.

இந்த வட்டாரத்துக்கே உரிய கேள்விகளும் உள்ளன. ஷிப்டு வேலை பார்ப்பவர்களுக்கு மாரடைப்பு அபாயம் சுமார் 23 சதவீதம் அதிகம் என்று பல ஆராய்ச்சிகளை ஒருங்கே பரிசீலித்த 2012-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று கூறுகிறது. நிலக்கரிப் புகையிலும் விறகுப் புகையிலும் உள்ள மிக நுண்ணிய துகள்கள் நுரையீரல் வழியாக இரத்தக் குழாய்களில் அழற்சியை உண்டாக்குகின்றன என்பதும் விஞ்ஞானிகள் ஒப்புக்கொண்ட விஷயம். இவற்றோடு முந்திரி வறுக்கும் புகையும், சித்திரை வெயிலும் சேர்ந்தால் நம் ஜனங்களின் இருதயத்துக்கு என்ன நேர்கிறது? இன்ன காரணம்தான் என்று முன்கூட்டியே தீர்ப்புச் சொல்ல நாம் முனையவில்லை. குற்றம் சாட்டுவதற்கும் குற்றமில்லை என்பதற்கும் கணக்கு வேண்டும் என்கிறோம்.

ஆட்சேபணைகளை நாம் அறியாதவர்கள் அல்லர். தொழில் நடத்துகிற ஸ்தாபனமே செலவு செய்தால் முடிவு அதன் பக்கம் சாயாதா என்பது முதலாவது. நியாயமான சந்தேகம், ஆகையால் பணம் ஸ்தாபனத்தினுடையதாகவும், ஆராய்ச்சியின் ஆதிக்கம் ஜிப்மர் போன்ற சுயேச்சையான மருத்துவக் கல்லூரியினுடையதாகவும் இருக்க வேண்டும், முடிவு எதுவாயினும் வெளியிடப்படும் என்று தொடக்கத்திலேயே எழுதிக் கையெழுத்தாக வேண்டும். ஏழைகளைச் சோதனைப் பொருளாக்குவதா என்பது இரண்டாவது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகள் கோருகிறபடி, தமிழில் விளக்கி, சம்மதம் பெற்று, விலக விரும்பினால் விலக இடங்கொடுத்து நடத்துவதோடு, நோய் கண்டறியப்பட்ட ஒவ்வொருவருக்கும் சிகிச்சை நிச்சயம் என்ற உறுதியும் இருந்தால் இந்த ஆட்சேபணைக்கு வேலையில்லை. தொழிலாளியின் இரத்த அழுத்தக் குறிப்பு அவருடைய வேலைக்கே உலை வைத்துவிடக் கூடாது. தனிமனிதர் விவரம் எந்த நிர்வாக அதிகாரியின் மேஜைக்கும் போகக் கூடாது. செலவு என்பது மூன்றாவது. லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்கு ஒதுக்குவது 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி பெரிய ஸ்தாபனங்களின் கடமை. அதில் ஒரு பங்கு இதற்குப் போதும்.

ஒரு முறை ஊருக்குள் வந்து முகாம் போட்டு, புகைப்படம் எடுத்துக்கொண்டு போவதை நாம் ஆராய்ச்சி என்று கருதவில்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1990-களின் தொடக்கத்தில் வேலூர் நகரிலும் கணியம்பாடி வட்டாரக் கிராமங்களிலும் எடுத்த கணக்கை ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கழித்து மறுபடியும் எடுத்ததனால்தான், நீரிழிவு நகரத்தை விட்டுக் கிராமத்துக்குள் எவ்வளவு வேகமாகப் புகுந்துவிட்டது என்பது தெரியவந்தது. அத்தகைய பொறுமை இங்கும் வேண்டும். நிரந்தரத் தொழிலாளியையும் ஒப்பந்தத் தொழிலாளியையும் விவசாயியையும் பெண்களையும் சமமாகச் சேர்த்து, குறைந்தது இருபது ஆண்டுகளுக்கு நிதியை ஸ்திரப்படுத்தி, ஆண்டுதோறும் முடிவுகளைக் கிராம சபையில் தமிழில் படித்துக் காட்ட வேண்டும். நிலக்கரி ஸ்தாபனத்தின் நிர்வாகமும், மாநில சுகாதாரத் துறையும், ஜிப்மரும் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்து இதற்கான திட்டத்தை வரும் வரவு செலவுத் திட்டத்துக்கு முன்பாகவே வகுத்து வெளியிட வேண்டும். வெளியிடாவிட்டால், ஏன் வெளியிடவில்லை என்று இந்த வட்டாரத்துச் சட்டமன்ற, பாராளுமன்ற உறுப்பினர்கள் கேட்க வேண்டும்.