எராக்கிளிசின் மகளும் பாண்டியர் பெயரும்

பாண்டியர் என்னும் பெயர் வடநாட்டுப் பாண்டுவினின்று வந்ததென்பார்க்குக் காத்தியாயனரின் இலக்கணக் குறிப்பு ஓர் ஊன்றுகோல்; மெகசுத்தனிசு எழுதிவைத்த கதை மற்றோர் ஊன்றுகோல். பின்னதைத் தமிழன்பர்களே ஆராயாது பெருமையாக எடுத்தோதக் காண்கின்றோம்.

கி.மு. 300 அளவில் செலியூக்கசின் தூதராகப் பாடலிபுரம் போந்தவர் மெகசுத்தனிசு. அவர் நூல் மறைந்தது. பின்னோர் எடுத்தாண்ட பகுதிகளே எஞ்சின. கி.பி. 2ஆம் நூற்றாண்டினரான அரியன் தருவது இது: எராக்கிளிசு என்னும் மறவனுக்கு இந்நாட்டில் ஆண்மக்கள் பலர், பெண் ஒருத்தியே. அவள் பெயர் பண்டையா. அவள் பிறந்து ஆண்ட நாடும் அப்பெயரே பெற்றது. தந்தை அளித்தவை 500 யானை, 4,000 குதிரை, 1,30,000 காலாள். கடலில் முத்தைக் கண்ட அவன் மகளை அணிசெய்யவே அதனைத் திரட்டினானாம். பொலியேனசு என்பவரோ, அவள் நாடு தெற்கே கடல்வரை நீண்டதென்றும், 365 ஊர்கள் நாளுக்கொன்றாக இறை கொணர்ந்தனவென்றும் கூறுவர். கதையின் எஞ்சிய பகுதி வகுப்பில் சொல்லத் தகாதது; அரியனே அதனை எள்ளுகின்றார்.

பண்டையா நம் அங்கயற்கண்ணியே என்பர் அன்பர் சிலர். எராக்கிளிசைச் சிவபெருமான் என்பர். தடாதகைக்குத் தந்தை மலையத்துவசன், சிவபெருமான் கணவர். இவ்வெளிய முரணும் அவர்க்குத் தோன்றவில்லை! மேலும், எராக்கிளிசை வடமதுரைச் சூரசேனர் போற்றினர் என்பதும் மெகசுத்தனிசின் கூற்றே. இக்கதையை வரலாறாக ஏற்போமாயின், பாண்டியர் வடமதுரையினின்று வந்தேறியவர் என்னும் முடிபுக்கு நாமே வழி திறந்தவராவோம்.

உண்மை வேறு. ஓரினத்தின் பெயரைக் கேட்ட அளவில் அப்பெயரால் ஒரு முன்னோனைப் படைத்துக்கொள்வது கிரேக்கர் வழக்கம். எல்லேனியர்க்கு எல்லேன், அயோனியர்க்கு அயோன், பாரசீகர்க்குப் பெர்சியசின் மகன் பெர்செசு. பண்டையாவும் அவ்வரிசையினளே. அவளால் நாடு பெயர் பெறவில்லை. நாட்டின் பெயரால் அவள் பிறந்தாள். ஆகவே இக்கதை காட்டுவது ஒன்றே: கி.மு. 300இல் பாண்டியர் பெயரும் தென்கடல் முத்தும் கங்கைக்கரைத் தலைநகர்வரை பேசப்பட்டன. சற்றுப் பின்னர் அசோகன் கல்வெட்டும் பாண்டியரைத் தன் ஆட்சிக்குப் புறத்தவராகவே குறிக்கின்றது. அப்பெயர்க்கு வேர் பண்டு என்பாரும், காளையைக் குறிக்கும் பாண்டி என்பாரும் நம்மிடை உளர். அவ்வழக்கை நம் சொல்லியலார் நமக்குள்ளேயே தீர்த்துக்கொள்ளலாம். எராக்கிளிசு நடுவராக வேண்டியதில்லை.

முத்துக்கோ வடமதுரையில் கடலே இல்லை. ஓட்டப்பிடாரத்து மாணவரைக் கேட்டால் தூத்துக்குடியையும் கொற்கையையும் காட்டுவர். கி.பி. முதல் நூற்றாண்டில் செங்கடற் செலவு நூலை எழுதிய கிரேக்க வணிகர், கொற்கையில் தண்டனை பெற்றோரே முத்துக்குளித்தனர் எனப் பதிந்துள்ளார். அரசியின் அணிகலனைப் பாடிய கதையினும் இவ்வொரு வரி பெறுமதி மிக்கது. கண்டும் கேட்டும் எழுதியதாகலின்.

அக்கொற்கையைத் தமிழக அரசின் தொல்லியல் துறையினர் 1968-69இல் அகழ்ந்தனர். ஆங்குக் கிடைத்த கரியின் காலம் கி.மு. 785 எனக் கணிக்கப்பட்டது. அஃது ஊரின் பழமையைக் காட்டுமேயன்றி அரச குடியின் பெயரைக் காட்டாது. எனினும் மெகசுத்தனிசு பாடலிபுரம் போதற்கு ஏறத்தாழ 480 ஆண்டுகள் முன்னரே அக்கரையில் அடுப்பெரிந்தது.